இன அழிப்புக்குப் பின் நினைவிடம் கட்டுவது: ருவாண்டாவை முன்வைத்துச் சில கேள்விகள், பதில்கள்

கூட்டக் கொலைகள் நடந்த மண்ணில் எதைக் கட்டுவது, எப்படிக் கட்டுவது, யாருக்காகக் கட்டுவது என்ற கேள்விகளைக் கட்டடக்கலை படிப்பவர்களும் கேட்கிறார்கள், உறவுகளை இழந்தவர்களும் கேட்கிறார்கள். பொதுவாகப் பேசினால் சொற்கள் பெரிதாகிவிடும், விஷயம் நழுவிவிடும். அதனால் ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். மற்ற ஊர்கள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

ஏன் ருவாண்டா?

1994 ஏப்ரல் 7 முதல் ஜூலை நடுப்பகுதி வரை, ஏறத்தாழ நூறு நாட்களில், அங்கே டூட்ஸி இனத்தவர் திட்டமிட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையை நடத்தியவர்கள் பெரும்பான்மை ஹூட்டு இனத் தீவிரவாதிகள். அதற்கு உடன்பட மறுத்த ஹூட்டுகளும் கொல்லப்பட்டார்கள். எட்டு லட்சம் என்பது ஐ.நா. வழக்கமாகச் சொல்லும் கணக்கு, பத்து லட்சத்துக்கு மேல் என்கிறது ருவாண்டா அரசு. கொன்றவர்களில் ராணுவத்தினரும் ஆயுதக் குழுவினரும் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் நிறைய இருந்தார்கள். எல்லாம் முடிந்தபிறகு இரண்டு தரப்பும் அதே குன்றுகளில், அதே தெருக்களில்தான் வாழ வேண்டியிருந்தது. நாட்டில் இன்று இருநூறுக்கும் மேற்பட்ட நினைவிடங்கள் உள்ளன. தேவாலயம், பள்ளிக்கூடம், குன்று, அருங்காட்சியகம், தோட்டம் என்று எல்லா வகையும் அதில் உண்டு. இந்த வேலையில் வரக்கூடிய சிக்கல் ஏறக்குறைய எல்லாமே அங்கே வந்திருக்கிறது.

முதல் நினைவிடங்களை யார் வடிவமைத்தார்கள்?

யாரும் வடிவமைக்கவில்லை. கொலை நடந்த இடங்களே நினைவிடங்களாக நின்றுவிட்டன.

தலைநகர் கிகாலிக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டர் அளவில் நியாமாட்டா என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு கத்தோலிக்கத் தேவாலயம். முந்தைய கலவரங்களில் தேவாலயத்துக்குள் ஓடியவர்கள் தப்பித்திருந்தார்கள். அந்த நம்பிக்கையில் 1994இலும் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். கொலையாளிகள் கையெறி குண்டு வீசிக் கதவை உடைத்து நுழைந்தார்கள். கோயிலிலும் சுற்றுப்புறத்திலுமாக ஏறத்தாழ 10,000 பேர் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. சுற்றுவட்டாரத்தில் இறந்தவர்களையும் சேர்த்து, இன்று அங்கே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

தகரக் கூரையில் குண்டுகள் போட்ட துளைகள் அப்படியே இருக்கின்றன. இறந்தவர்களின் உடைகள் மர பெஞ்சுகள் மேல் குவித்து வைக்கப்பட்டன. எந்தச் சிற்பியும் யோசித்துச் செய்யாத ஒன்று அது. பார்ப்பவருக்கு விளக்கமே தேவைப்படாது: சட்டை, பாவாடை, குழந்தையின் கவுன். பூசை நடந்த இடத்தில் இனிப் பூசை நடத்த முடியாது என்று உயிர் பிழைத்தவர்கள் நினைத்தார்கள். அந்தக் கட்டடம் நினைவிடமாகவே விடப்பட்டது.

அப்படியென்றால் கட்டடக் கலைஞருக்கு அங்கே என்ன வேலை?

நிறைய இருக்கிறது, பெரும்பாலும் கண்ணில் படாத வேலை. ருவாண்டாவில் நல்ல மழை பெய்யும். சுட்ட செங்கல் சுவர் உப்புப் பூத்து உதிரும், மரத்தைக் கறையான் அரிக்கும், துணி பூஞ்சணம் பிடித்து மக்கும். நியாமாட்டா உடைகளைச் சுத்தம் செய்து காக்கும் முறைகளை உருவாக்க அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக நிபுணர்கள் ருவாண்டா அதிகாரிகளோடு சேர்ந்து வேலை செய்தார்கள். இங்கே ஒரு கடினமான கேள்வி இருக்கிறது. துணியைத் துவைத்தால் ரத்தக் கறை போய்விடும், அதோடு சாட்சியமும் போகும். துவைக்காவிட்டால் துணியே போய்விடும். ஒவ்வொரு துணியையும் எடுத்து, தூசியை மட்டும் நீக்கி, கறையை விட்டுவைக்கும் பொறுமையான வேலைதான் வழி.

பக்கத்திலேயே இருக்கும் என்டராமா சிறிய செங்கல் தேவாலயம். உள்ளே குண்டு வீசுவதற்காகச் சுவரில் உடைத்த ஓட்டைகள் இன்றும் தெரிகின்றன. அந்தச் சுவர்களைப் பூசி மெழுகிச் சரிசெய்யவில்லை. அவற்றைத் தொடாமல், கட்டடத்துக்கு மேலே தனியாக ஒரு பெரிய உலோகக் கூரையை எழுப்பினார்கள். மழை சுவரில் படாது, ஓட்டைகளும் அப்படியே இருக்கும். அழகுப் போட்டியில் பரிசு வாங்கக்கூடிய கூரை இல்லை அது. ஆனாலும் நினைவிடக் கட்டடக்கலைக்கு ஒரு நல்ல உதாரணம் காட்டச் சொன்னால் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

எலும்புகளையும் உடல்களையும் பார்வைக்கு வைப்பது சரியா?

எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்வி, ஆனால் முதலில் தீர்க்க வேண்டியதும் இதுதான்.

தெற்கு ருவாண்டாவில் முராம்பி என்ற குன்றின் மேல் ஒரு தொழில்நுட்பப் பள்ளி கட்டி முடிக்கப்படாமல் இருந்தது. அங்கே போனால் பாதுகாப்பு என்று அதிகாரிகளே மக்களை அனுப்பினார்கள். பிறகு தண்ணீரை நிறுத்தினார்கள். ஏப்ரல் 21 அன்று பல பத்தாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். பின்னர் புதைகுழிகளைத் தோண்டியபோது பல உடல்கள் முழுதாக மக்காமல் கிடைத்தன. நூற்றுக்கணக்கான உடல்களைச் சுண்ணாம்பு பூசி வகுப்பறை மேசைகளின் மேல் கிடத்தினார்கள். தலையைக் காக்கக் கையைத் தூக்கியபடி உறைந்த உடல்கள் அவற்றில் உண்டு.

வைக்க வேண்டும் என்றவர்களின் காரணம் லேசானதல்ல. ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’, ‘அது வெறும் உள்நாட்டுப் போர்’ என்று சொல்பவர்கள் 1994இலேயே கிளம்பிவிட்டார்கள். மறுப்பவர்களுக்கு முன்னால் உடலே சாட்சி என்றார்கள். வேண்டாம் என்றவர்களின் காரணமும் லேசானதல்ல. ‘என் தாயை நான் புதைக்க வேண்டும், வெளிநாட்டுப் பயணிகள் வந்து பார்ப்பதற்காக அவள் மேசையில் கிடக்கக் கூடாது’ என்பது எந்த மகனுக்கும் உள்ள உரிமை.

கம்போடியாவிலும் இதே விவாதம் நடந்தது. கெமர் ரூஜ் ஆட்சியினர் மக்களைக் கொன்று புதைத்த சூங் எக் கொலைக்களத்தில் 1988இல் எழுப்பிய ஸ்தூபியில் ஆயிரக்கணக்கான மண்டையோடுகள் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கப்பட்டுள்ளன. பௌத்த மரபுப்படி அவற்றைத் தகனம் செய்ய வேண்டும் என்று மன்னர் சிஹானூக் வலியுறுத்தினார். சாட்சியம் அழியக் கூடாது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எலும்புகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

என் கருத்தைக் கேட்டால், முடிவு குடும்பங்களுடையது. அடையாளம் தெரிந்த உடலை உறவினர் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும். யார் என்று தெரியாத எச்சங்களைச் சாட்சியமாக வைக்க உயிர் பிழைத்தவர்கள் ஒப்புக்கொண்டால், அவை இருக்கும் அறைக்குள் போகாமலேயே நினைவிடத்தைச் சுற்றிவர ஒரு வழி இருக்க வேண்டும். அந்த மாற்று வழியைப் போட்டுக்கொடுப்பது வடிவமைப்பாளரின் கடமை. பத்து வயதுப் பிள்ளையோடு வரும் தாய்க்கு அது வேண்டும், தானே அந்த மேசையில் கிடந்திருக்க வேண்டியவர் வந்தால் அவருக்கும் வேண்டும்.

கிகாலி நினைவகம் ஏன் அடிக்கடி உதாரணமாகச் சொல்லப்படுகிறது?

அது இடுகாட்டிலிருந்து தொடங்கியதால் என்று சொல்வேன். கிகாலி நகரம் கிசோசி குன்றில் நிலம் கொடுத்தது. நகரத்தின் பல மூலைகளில் அள்ளிப் போடப்பட்டிருந்த உடல்களை 2001 முதல் அங்கே கொண்டுவந்து அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். அப்புறம்தான் கண்காட்சி அரங்கு வந்தது. பிரிட்டனின் ஏஜிஸ் அறக்கட்டளையோடு சேர்ந்து உருவாக்கிய அந்த நினைவகம் பத்தாம் ஆண்டான 2004 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2,50,000 பேர் அங்கே துயில்கிறார்கள். கல்லறை என்பது அகலமான சிமெண்ட் பலகைகள்தான். மேலே பூ வைக்கலாம், பக்கத்தில் நிற்கலாம், உட்காரலாம். சுற்றிலும் தோட்டங்கள்.

உள்ளே குழந்தைகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. பெரிய அளவில் ஒரு குழந்தையின் படம். கீழே பெயர், வயது, பிடித்த சாப்பாடு, பிடித்த விளையாட்டு, யாரோடு ஒட்டுதல், எப்படிக் கொல்லப்பட்டது. அவ்வளவுதான். பத்து லட்சம் என்ற எண்ணை மனம் வாங்கிக்கொள்ளாது. பாலும் வறுத்த உருளைக்கிழங்கும் பிடித்த பிள்ளை என்றால் வாங்கிக்கொள்ளும். அந்தப் படங்களையும் விவரங்களையும் கொடுத்தவர்கள் பெற்றோரும் உறவினர்களும். ஒரு குடும்பத்தில் மிஞ்சிய ஒரே படமாகக்கூட அது இருந்திருக்கலாம்.

எல்லோருடைய பெயரும் சுவரில் பொறிக்கப்பட வேண்டுமா?

முடிந்தால் கட்டாயம் வேண்டும். ஆனால் ருவாண்டாவில் அது முடியவில்லை. குடும்பம் குடும்பமாக அழிந்ததால், பலருடைய பெயரைச் சொல்லவே ஆள் இல்லை. கிகாலியில் பெயர்ச் சுவர் இருக்கிறது, அது இன்னும் நிரம்பவில்லை. மிச்சமிருக்கும் வெற்றிடத்தை அலங்காரம் செய்து மறைக்காமல் விட்டது சரியான முடிவு.

போஸ்னியாவில் நிலைமை வேறு. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் போஸ்னிய செர்பியப் படையினர் கொன்றார்கள். குற்றத்தை மறைக்கப் புல்டோசரால் குழிகளைக் கிளறி, எலும்புகளை வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒருவரின் எலும்புகள் இரண்டு மூன்று இடங்களில் கிடைத்தன. டி.என்.ஏ. சோதனை மூலம் ஒவ்வொருவராக அடையாளம் கண்டு, ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று பக்கத்து ஊரான பொடோச்சாரியில் அடக்கம் செய்கிறார்கள். அங்குள்ள கல்வெட்டில் 8,372 பெயர்கள் இருக்கின்றன. அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தவர்கள் தாய்மார்கள். பாதுகாப்பான வேறு ஊரில் புதைக்கலாம் என்ற யோசனையை அவர்கள் ஏற்கவில்லை. பிள்ளைகளைக் கடைசியாகப் பார்த்த இடத்தில்தான் புதைப்போம் என்று நின்றார்கள், கொன்றவர்களின் தரப்பு ஆளும் பகுதியாக அது மாறிவிட்டிருந்தபோதும்.

பெர்லினில் உள்ளதுபோல அருவமான பெரிய சின்னம் போதாதா?

ஐரோப்பாவில் கொல்லப்பட்ட யூதர்களுக்காக பீட்டர் ஐசன்மன் வடிவமைத்து 2005இல் திறக்கப்பட்ட அந்தத் திடலில் 2,711 கான்கிரீட் பாளங்கள் நிற்கின்றன. மேலே ஒரு பெயரும் கிடையாது. பெயர்களும் கதைகளும் கீழே, நிலவறையில் உள்ள தகவல் மையத்தில் இருக்கின்றன. கொன்ற நாட்டின் தலைநகர், அதன் நடு மையத்தில், தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு கட்டியது என்பதில்தான் அதன் வலிமை இருக்கிறது. அதே வடிவத்தை ஒரு ருவாண்டாக் கிராமத்தில் வைத்தால் யாருக்கும் எதுவும் புரியாது. புதைகுழி அங்கேயே இருக்கும்போது குறியீடு எதற்கு?

குறியீடே கூடாது என்று சொல்லவில்லை. மேற்கு ருவாண்டாவின் பிசெசெரோ குன்றில் மக்கள் கல்லும் ஈட்டியும் கொண்டு வாரக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். இறுதியில் பல பத்தாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். அங்குள்ள நினைவிடத்தின் நுழைவாயிலில் கற்களும் ஈட்டிகளும் இருக்கின்றன. அன்றைய கிபுயே மாகாணத்தின் ஒன்பது வட்டாரங்களைக் குறிக்கும் ஒன்பது சிறு கட்டடங்கள் செங்குத்தான பாதையில் ஏறிப்போகின்றன. மேலே போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கும். அந்தக் குன்றில் ஓடியவர்களின் கதையைக் கேட்டவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊர்க்காரர்களுக்குப் புரியும் குறியீடு இது.

நினைவிடம் மனக்காயத்தை ஆற்றுமா?

கட்டடம் காயத்தை ஆற்றும் என்று வாக்குக் கொடுப்பவரை நம்ப வேண்டாம். அது ஆற்றாது, சில சமயம் கிளறிவிடும். குவிபுகா என்ற நினைவேந்தல் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 7 அன்று தொடங்கி நூறு நாள் நடக்கிறது. அந்தக் கூட்டங்களில் சாட்சியம் கேட்கும்போது சிலர் திடீரென்று அலறுவார்கள், ஓடப் பார்ப்பார்கள், ‘இதோ வருகிறார்கள்’ என்று ஒளிந்துகொள்ள இடம் தேடுவார்கள். இருபதாம் ஆண்டு நிகழ்ச்சியில் கிகாலி விளையாட்டரங்கிலிருந்து அப்படிப் பலரை உதவியாளர்கள் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது.

அதனால் இங்கே வடிவமைப்பு மிகச் சாதாரணமான விஷயங்களில்தான் உதவுகிறது. கூட்டத்திலிருந்து சட்டென்று வெளியேற ஒரு வழி. படுக்கவைத்துத் தண்ணீர் கொடுக்க, ஆலோசகர் பக்கத்தில் உட்கார ஓர் அமைதியான அறை. அந்த அறைக்கு வெளியே பார்க்கும் சன்னல் இருக்க வேண்டும், கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும். பூட்டிய கதவுக்குள் சிக்கிக் கொல்லப்பட்டவர்களின் உறவினர்களுக்காகக் கட்டுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். ஒரே வழியாக நுழைந்து ஒரே வழியாக வெளியேறும் இருட்டான நடைபாதை பார்வையாளருக்குப் ‘பயங்கரத்தை உணர்த்தும்’ என்று வரைபடத்தில் எழுதுவார்கள். உயிர் பிழைத்தவருக்கு அந்தப் பயங்கரத்தை மறுபடி உணர்த்த வேண்டிய அவசியமில்லை.

ஆற்றுவது எது என்றால், அந்த இடத்தில் நடக்கும் காரியங்கள்: உடலைக் கழுவி அடக்கம் செய்வது, பெயரைச் சத்தமாகச் சொல்வது, ஊரோடு சேர்ந்து அழுவது, பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது. இவை நடக்க இடம் விட்டிருக்கிறோமா என்று பார்த்தால் போதும். நிழல், பெஞ்சு, கழிப்பறை, வயதானவர் ஏறக்கூடிய சரிவுப் பாதை. ஐந்நூறு பேர் கூடும் நாளில் ஒன்று, ஒரே ஒரு பெண் வந்து உட்காரும் செவ்வாய்க்கிழமையில் ஒன்று என்று இரண்டுக்கும் இடம் பொருந்த வேண்டும்.

கொன்றவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அங்கே வருவார்களா?

வருகிறார்கள். ஊர் மட்டத்தில் புல்வெளியில் உட்கார்ந்து விசாரித்த ககாச்சா நீதிமன்றங்கள் 2012இல் மூடப்படும்போது ஏறத்தாழ இருபது லட்சம் வழக்குகளைப் பார்த்திருந்தன. தண்டனை முடிந்து வந்தவர்கள் பழைய ஊரிலேயே வாழ்கிறார்கள். உடல் எங்கே புதைந்திருக்கிறது என்ற தகவல் பல நேரம் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும். அதனால் அவர்களை விரட்டும் இடமாக நினைவிடம் இருக்க முடியாது. அவர்களுக்கு வசதியாக உண்மையை மழுப்பும் இடமாகவும் இருக்கக் கூடாது. யார் கொன்றார்கள் என்று எழுதாமல் ‘துயர நிகழ்வில் உயிரிழந்தவர்கள்’ என்று மட்டும் பொறித்த கல்வெட்டு எந்த ஊரிலும் சமாதானத்தைக் கொண்டுவந்ததில்லை.

அரசே நினைவிடத்தை நடத்தினால் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. பணமும் நிலமும் பாதுகாப்பும் அரசிடம் உண்டு. கூடவே எதை நினைக்கலாம், எதை நினைக்கக் கூடாது என்று சொல்லும் அதிகாரமும் அதனிடம் போய்விடுகிறது. ருவாண்டாவில் கொலைகார அரசைத் தோற்கடித்து ஆட்சிக்கு வந்த இன்றைய ஆளும் கட்சியின் படைகள் 1994இலும் அதன்பின்னும் பொதுமக்களைக் கொன்றதை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்திருக்கின்றன. அப்படி இறந்த ஹூட்டுகளுக்கு அதிகாரபூர்வ நினைவேந்தலில் இடமில்லை. இதைச் சொன்னால் டூட்ஸி இன அழிப்பின் அளவு குறைந்துவிடாது. இரண்டையும் ஒன்றென்று சமன்படுத்துவதும் தவறு. ஆனால் தந்தையை இழந்த ஒரு பிள்ளைக்கு அழ இடமில்லை என்பது உண்மை.

சிறு சிறு நினைவிடங்களை மூடி எச்சங்களைப் பெரிய இடங்களுக்கு மாற்றும் திட்டமும் நடக்கிறது. பராமரிப்புச் செலவு குறையும் என்பது நியாயம்தான். இருந்தும் மலை இறங்கி நடந்துபோய்ப் பார்த்துவந்த கல்லறை பேருந்து ஏறிப்போகும் தூரத்துக்குப் போய்விட்டால், வயதான கைம்பெண் அங்கே எத்தனை தடவை போவார்?

கட்டி முடித்தபிறகும் உடல்கள் கிடைத்தால்?

கிடைக்கும், கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. 2018இல் கிகாலிக்கு வெளியே வீடுகளுக்கு அடியில் புதைகுழிகள் தெரியவந்தன. அங்கும் சுற்றுப்புறங்களிலும் மீட்ட 84,437 பேரின் எச்சங்கள் 2019 மே மாதம் நியான்சா நினைவிடத்தில் அடக்கம் செய்யப்பட்டன. கால் நூற்றாண்டு கழித்து, ஒரே நாளில். ஆகவே எந்த நினைவிடத்தின் வரைபடத்திலும் காலி நிலம் இருக்க வேண்டும், திறந்து மூடக்கூடிய நிலவறை இருக்க வேண்டும். அந்த நியான்சாவும் லேசான இடமில்லை. 1994 ஏப்ரல் 11 அன்று ஐ.நா.வின் பெல்ஜியப் படையினர் ஒரு பள்ளியை விட்டுக் கிளம்பிப் போனார்கள். அங்கே அடைக்கலம் புகுந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களை நடத்திக் கொண்டுபோய்க் கொன்றது இந்தக் குன்றில்தான். இன்று கல்லறைகளுக்குப் பக்கத்தில் மரங்களும் கற்களுமாக ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது.

முள்ளிவாய்க்காலுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

தமிழில் இதைப் படிப்பவர் கேட்காமல் இருக்க மாட்டார். பெரிய வித்தியாசத்தை முதலில் பார்க்க வேண்டும். ருவாண்டாவில் கொலையை நடத்திய அரசு தோற்று ஓடியது. இலங்கையில் போரை வென்ற அரசே நிலத்தை வைத்திருக்கிறது, நடந்தது இன அழிப்பு என்பதையும் மறுக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி 2021 ஜனவரி 8 இரவில் இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தபிறகு அதே ஆண்டில் திரும்பக் கட்டப்பட்டது. கடல் தாண்டி, தஞ்சாவூருக்குப் பக்கத்தில் விளாரில் 2013இல் ஒரு முற்றமும் கனடாவின் பிராம்ப்டனில் 2025 மே மாதம் ஒரு நினைவுச்சின்னமும் எழுந்தன. போக முடிந்தவர்களுக்கு அவை பெரிய ஆறுதல். ஆனால் உடல்கள் இருப்பது நந்திக்கடல் ஓரத்தில்.

கட்ட முடியாத இடத்தில் மக்கள் வேறு வழி கண்டார்கள். போரின் கடைசி நாட்களில் உயிரைப் பிடித்துவைத்த உப்புக் கஞ்சியை ஆண்டுதோறும் மே மாதம் தெருவோரத்தில் காய்ச்சிச் சிரட்டையில் கொடுக்கிறார்கள். அதற்கும் தடை வந்தது. 2024இல் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காக நால்வர் கைதானார்கள். என்றைக்காவது அந்த மண்ணில் முறையாக ஒரு நினைவிடம் கட்ட வாய்த்தால், வரைபடத்தில் முதலில் வர வேண்டியது அந்த அடுப்புக்கான இடமும் கஞ்சிக்கு வரிசையில் நிற்க நிழலும் என்று நினைக்கிறேன். தூபியின் உயரத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பணமில்லாத ஒரு சிறிய ஊர் எங்கிருந்து தொடங்குவது?

பெயர்ப் பட்டியலிலிருந்து. வீடு வீடாகப் போய் பெயர், வயது, கடைசியாகப் பார்த்த இடம், இருந்தால் ஒரு படம் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று பிரதிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். வயதானவர்களிடம் முதலில் போங்கள், காத்திருக்க நேரமில்லை. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம், இன்னொரு நாள் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கொலை நடந்த இடத்தையும் புதைத்த இடத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முறையான தடயவியல் ஆட்கள் வரும்வரை ஒரு மண்வெட்டிகூட அங்கே இறங்கக் கூடாது, ஆர்வத்தில் தோண்டினால் அடையாளம் காணும் வாய்ப்பே போய்விடும். வேலி போடலாம், ஒரு மரம் தள்ளி நடலாம், வேர் குழிக்குள் போகாத தூரத்தில்.

கட்டடக் கலைஞரை இதற்கெல்லாம் பிறகு கூப்பிடலாம். வந்தவர் முதல் சந்திப்பிலேயே மாதிரிப் படம் விரித்தால், அதை மடித்து வைத்துவிட்டு அந்தப் பெயர்ப் பட்டியலைப் படிக்கச் சொல்லுங்கள்.